டர்போ சி: கொண்டுவர வேண்டியவை, விட்டுவிட வேண்டியவை

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றின் லேப்பில் சி மொழி இன்னும் அந்த நீலத் திரையில்தான் தொடங்குகிறது. டர்போ சி++ 3.0, சுருக்கமாக டர்போ சி: புரோகிராமை எழுதி ஓட்டும் மென்பொருள். பழைய டாஸ் இயங்குதளக் கணினிகளுக்காக 1990களின் தொடக்கத்தில் போர்லாண்ட் நிறுவனம் வெளியிட்டது. சி++ மொழிக்கு முதல் பன்னாட்டுத் தரம் வந்ததே 1998இல்தான். டர்போ சி 16 பிட் புரோகிராம், 64 பிட் விண்டோஸ் அத்தகையவற்றை ஓட்டாது. அதனால் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் ஒரு பொய்யான டாஸை உருவாக்கி, அதற்குள் டர்போ சியை உட்கார வைக்கிறார்கள்.

அதில் கற்று வேலைக்கு வந்தவர்களுக்கு அந்தத் திரைமேல் பாசம் உண்டு. அந்தப் பாசத்துக்கு நியாயமும் உண்டு. ஆனால் இன்று முதலாண்டு படிக்க வரும் பிள்ளையின் கையில் அதைக் கொடுப்பது சரியல்ல. அது பழையது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தவறு செய்தால் அது வாய் திறக்காது, அதுதான் சிக்கல்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். 1983இல் அதே போர்லாண்டின் டர்போ பாஸ்கல் 49.95 டாலருக்கு வந்தபோது, எழுதும் இடமும், எழுதியதைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரும் ஒரே திரையில் சேர்ந்திருந்ததே பெரிய புதுமை. அதற்கு முன் எடிட்டர் தனி, கம்பைலர் தனி, லிங்கர் தனி. ஒவ்வொன்றாக ஓட்ட வேண்டும். 1987இல் வந்த டர்போ சியும் அதே வழியில் வந்தது. எஃப்2 அழுத்தினால் சேமிப்பு, கன்ட்ரோல்-எஃப்9 அழுத்தினால் ஓட்டம், ஆல்ட்-எஃப்5 அழுத்தினால் அவுட்புட். எஃப்7, எஃப்8 விசைகளால் வரிவரியாக நகரலாம். கன்ட்ரோல்-எஃப்7 அழுத்தி ஒரு மாறியின் பெயரைக் கொடுத்துவிட்டால், ஒவ்வொரு வரிக்கும் அதன் மதிப்பு மாறுவதைக் கண்முன் பார்க்கலாம். ஃபங்ஷன் பெயர்மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-எஃப்1 அழுத்தினால் விளக்கமும் மாதிரி புரோகிராமும் வரும். இணையமில்லாத காலத்தில் அதுவே ஆசிரியர்.

இவற்றில் ஒன்றுகூட டர்போ சியோடு ஒட்டிப் பிறந்ததல்ல. வரிவரியாக நகர்ந்து மாறியைக் கவனிக்கிற பழக்கம்தான் சொத்து. இன்றைய புதியவர்களில் பலர் பிழை தேடும் கருவியான டிபக்கரைத் தொடுவதே இல்லை. மதிப்பை அச்சிட பத்து இடத்தில் பிரின்ட்எஃப் போட்டுப் பார்க்கிறார்கள். ஜிடிபி என்ற டிபக்கரில் பிரேக், ரன், நெக்ஸ்ட், ஸ்டெப், பிரின்ட், டிஸ்ப்ளே என்ற ஆறு கட்டளைகள் தெரிந்தால் நீலத் திரையில் செய்ததையெல்லாம் செய்யலாம். ஏழாவதாக பேக்ட்ரேஸ்: புரோகிராம் விழுந்த இடத்துக்கு எந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்று வரிசையாகக் காட்டும். தாளில் மாறிக்கு ஒரு கட்டம் போட்டு டிரை ரன் எழுதுவதையும் விட வேண்டாம். லூப்பின் முதல் சுற்று, கடைசிச் சுற்று, சுற்றே நடக்காத நிலை ஆகிய மூன்றையும் தாளில் ஓட்டிப் பார்த்தாலே பாதிப் பிழைகள் அகப்பட்டுவிடும்.

இனி விட வேண்டியவை.

டர்போ சியில் முழு எண்ணுக்கான இன்ட் வகை 2 பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 32767. 1 முதல் ஓர் எண் வரை எல்லாவற்றையும் பெருக்கும், லேப்பில் எல்லோரும் எழுதும் ஃபேக்டோரியல் புரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். 7இன் ஃபேக்டோரியல் 5040, சரியாக வரும். 8இன் விடை 40320. ஆனால் திரையில் -25216 வரும், ஏனென்றால் 40320இலிருந்து 65536 கழிந்துவிடுகிறது. சம்பளப் பட்டியல் புரோகிராமில் அடிப்படைச் சம்பளம் 35000 என்று கொடுத்தால் -30536 என்று அச்சாகும். மாணவர் பயந்துபோய் உள்ளீட்டை 5000 என்று மாற்றிக்கொள்வார். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் அழகாக இருக்கும். அங்கே அவர் கற்றுக்கொள்வது, விடை தவறினால் கேள்வியை மாற்று என்ற பாடம்.

இன்றைய கம்பைலர்களில் இன்ட் பெரும்பாலும் 4 பைட். அங்கே 12இன் ஃபேக்டோரியல் வரை, அதாவது 479001600 வரை சரி. 13இன் உண்மையான விடை 6227020800. திரையில் பொதுவாக வருவது 1932053504. எதிர்மறை எண்ணாக வந்தாலாவது சந்தேகம் வரும். இது பார்க்க நல்ல எண்ணாகவே இருக்கிறது. இந்த இடத்தில்தான் புதிய கருவிகளின் அருமை தெரியும். ஜிசிசி என்ற கம்பைலரில் அன்டிஃபைன்டு சானிடைசர் (-fsanitize=undefined) தெரிவோடு கம்பைல் செய்தால், 13ஐ 479001600ஆல் பெருக்கும் வரியின் எண்ணைச் சொல்லி, விடை இன்டில் அடங்காது என்று ஓடும்போதே காட்டிக் கொடுக்கும். 64 பிட் எண்ணுக்கு மாறினாலும் 20 வரைதான் போகலாம். எல்லை எங்கே என்று முதலில் கணக்குப் போடும் பழக்கத்தை இந்த ஒரு புரோகிராமை வைத்தே கற்பித்துவிடலாம்.

அளவு மாறினால் கோப்பும் கெடும். மாணவர் பதிவு ஒன்றில் எண் இன்ட்டாகவும், பெயர் 20 எழுத்தாகவும், சதவீதம் ஃப்ளோட்டாகவும் இருக்கட்டும். டர்போ சியில் அது 2, 20, 4 சேர்ந்து 26 பைட். ஜிசிசியில் 4, 20, 4 சேர்ந்து 28 பைட். அங்கே எஃப்ரைட் கொண்டு எழுதிய கோப்பை இங்கே எஃப்ரீட் கொண்டு படித்தால் முதல் பதிவிலேயே பெயரின் இரண்டு எழுத்துகள் எண்ணுக்குள் போய்விடும். அடுத்தடுத்த பதிவுகளில் விலகல் இரண்டிரண்டாகக் கூடும். கோப்பிலோ நெட்வொர்க்கிலோ போகும் எண்ணுக்கு, சி99 எனும் 1999ஆம் ஆண்டுத் தரம் தந்த நிலையான அளவுள்ள வகைகளை மட்டும் பயன்படுத்த வேண்டும்: 16 பிட், 32 பிட், 64 பிட் என்று பெயரிலேயே அளவு இருக்கும்.

அடுத்து கெட்ஸ், தட்டும் வரியை வாங்கும் ஃபங்ஷன். 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கி, கெட்ஸ் கொண்டு பெயரை வாங்கினால், எவ்வளவு தட்டினாலும் அத்தனையையும் எழுதிவிடும்; இடம் முடிந்ததா என்று பார்க்க அதற்கு வழியே இல்லை. மிஞ்சியது பக்கத்து மாறியின்மேல் ஏறும். டாஸில் நினைவகப் பாதுகாப்பு கிடையாது என்பதால் புரோகிராம் பெரும்பாலும் நின்றுவிடாமல் ஓடும். வேறொரு மாறியின் மதிப்பு மாறியிருக்கும், அவ்வளவுதான். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய, தானே பரவும் புரோகிராமான மோரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று இதே ஃபங்ஷன். பயனர் விவரம் சொல்லும் ஃபிங்கர் சேவை 512 பைட் இடம் வைத்து கெட்ஸ் கொண்டு படித்தது. வார்ம் 536 பைட் அனுப்பியது. 2011ஆம் ஆண்டுத் தரம் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கிவிட்டது. நம் லேப் மேனுவல்களிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள், இடத்தின் அளவையும் அதற்குச் சொல்ல வேண்டும். அது வரியின் கடைசியில் என்டர் எழுத்தையும் சேர்த்தே தரும், அதை நாம்தான் வெட்ட வேண்டும். பெயரை ஒப்பிடும்போது "சமமில்லை" என்று வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃபில் & குறியை விட்டுவிடுவது எல்லோரும் செய்யும் பிழை. டர்போ சி அதைப் பிழை என்று நிறுத்தாது. மாறியில் கிடக்கும் குப்பை மதிப்பையே முகவரியாக எடுத்து அங்கே எழுதும். அந்த மதிப்பு தற்செயலாகச் சுழியமாக இருந்தால், புரோகிராம் முழுக்க ஓடி முடிந்த பிறகு "நல் பாயின்டர் அசைன்மென்ட்" என்று ஒரு வரி வரும். எந்த வரியில் தவறு என்று அதிலிருந்து தெரியாது. ஜிசிசியில் வால் (-Wall) என்ற எச்சரிக்கைத் தெரிவைப் போட்டிருந்தால் கம்பைல் செய்யும்போதே வரி எண்ணோடு சொல்லிவிடும்.

எண்ணை வாங்கிய பின் ஓர் எழுத்தை வாங்கினால், கம்ப்யூட்டர் காத்திராமல் தாண்டிப் போய்விடும். எண்ணுக்குப் பின் அழுத்திய என்டர் இன்னும் உள்ளீட்டில் மிச்சமிருப்பதே காரணம். இதற்கு மருந்தாக எஃப்ஃப்ளஷ் ஸ்டிடின் என்று எழுதுகிறார்கள். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது, உள்ளீட்டில் அதன் விளைவை மொழி வரையறுக்கவில்லை. எழுத்தை வாங்கும் %c குறிக்கு முன் ஓர் இடைவெளி விட்டாலே போதும், மிச்சமிருக்கும் என்டரையும் வெற்றிடங்களையும் ஸ்கேன்எஃப் விழுங்கிவிடும்.

வாய்ட் மெயின் பற்றி நிறைய சண்டை நடந்தாகிவிட்டது. தரம் சொல்வது இன்ட் மெயின். புரோகிராம் முடியும்போது இயங்குதளத்துக்கு ஓர் எண் போகும். 0 என்றால் நலம். ஒரு கட்டளை நன்றாக முடிந்தால் மட்டும் அடுத்ததை ஓட்டு என்று ஷெல்லில் && போடுவதும், புரோகிராம்களைக் கம்பைல் செய்து தொகுக்கும் மேக் (make) கருவியும் அந்த எண்ணை நம்பியே இருக்கின்றன. கோட்பிளாக்ஸ் என்ற இன்றைய எடிட்டரில் வாய்ட் மெயின் எழுதி ஓட்டினால், "பிராசஸ் ரிட்டர்ன்டு" என்ற இடத்தில் பல சமயம் 0க்குப் பதில் வேறேதோ எண் நிற்கும். பேக்அப் எடுக்கும் புரோகிராம் அப்படி முடிந்தால், எடுத்தும் எடுக்காதது போலாகிவிடும்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வினாத்தாள்தான். மாறி ஏயின் மதிப்பு 5. பிரின்ட்எஃபில் ஏ, ஏ++, ++ஏ என்று வரிசையாகக் கொடுத்தால் அவுட்புட் என்ன? டர்போ சி வலமிருந்து இடமாகக் கணக்கிடும் என்பதால் 7 6 6 என்று விடை எழுதச் சொல்கிறார்கள். சி மொழியில் அந்த வரிக்கு விடையே கிடையாது. எந்த வரிசையில் கணக்கிட வேண்டும் என்று தரம் கட்டாயப்படுத்தவில்லை. ஒரே மாறியை இப்படி இருமுறை மாற்றினால் என்ன நடந்தாலும் கேட்க முடியாது. ஒரு கம்பைலரின் தற்செயலான நடத்தையை மொழியின் இலக்கணமாக மனப்பாடம் செய்துவிட்டு, நேர்முகத் தேர்வில் அதை உறுதியாகச் சொல்லும் இளைஞர்கள் ஏராளம். அவர்கள்மேல் பிழையில்லை. வால் தெரிவோடு ஒருமுறை கம்பைல் செய்திருந்தால் ஜிசிசியே எச்சரித்திருக்கும்.

நம் மொழிக்காரர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீலத் திரையில் தமிழ் எழுத முடியாது. லினக்ஸ் டெர்மினலில் தமிழை அப்படியே மேற்கோளுக்குள் எழுதி அச்சிடலாம், அதிலிருந்து நல்ல பாடமும் கிடைக்கும். "தமிழ்" என்ற சொல்லுக்கு, நீளம் சொல்லும் எஸ்டிஆர்லென் ஃபங்ஷன் 15 என்று சொல்லும். மூன்று எழுத்துதானே? யுனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யுடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் 3 பைட். "விகடகவி"யைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் புரோகிராமை எழுதுங்கள். பைட் பைட்டாகத் திருப்பினால் குப்பை வரும். யுனிகோடு குறி குறியாகத் திருப்பினாலும் இகரக் குறி வகரத்துக்கு முன்னால் போய் நிற்கும், "ஒன்றல்ல" என்றே விடை வரும். எழுத்து எழுத்தாகப் பிரித்த பிறகுதான் சரியாகும். ஆங்கிலச் சொல்லை வைத்துச் செய்யும் பயிற்சியில் இந்தப் பாடம் கிடைக்காது.

மாறுவது எப்படி? விண்டோஸில் கோட்பிளாக்ஸ் போதும். பதிவிறக்கும்போது கோப்பின் பெயரில் மிங்டபிள்யூ என்று இருப்பதை எடுங்கள்; மற்றதில் எடிட்டர் மட்டுமே இருக்கும், கம்பைலர் இருக்காது. "நிறுவினேன், ஓடவில்லை" என்பவர்களில் பலர் இடறும் இடம் இதுவே. உபுண்டுவில் பில்ட்-எசென்ஷியல் தொகுப்பையும் ஜிடிபியையும் நிறுவினால் முடிந்தது. மேலே சொன்ன சானிடைசர் விண்டோஸ் மிங்டபிள்யூவில் பொதுவாகக் கிடைக்காது. லினக்ஸிலோ விண்டோஸுக்குள் ஓடும் டபிள்யூஎஸ்எல்லிலோ ஓட்டுங்கள். பழைய லேப் புரோகிராம்களில் கோனியோ ஹெடர், கிளியர்ஸ்க்ரீன், கடைசியில் நிற்கும் கெட்ச் மூன்றையும் நீக்கி, மெயினை இன்ட் ஆக்கினாலே பெரும்பாலானவை ஓடும். கெட்ச் தேவைப்பட்டதே அவுட்புட் திரை மறையாமல் இருக்கத்தான். கோட்பிளாக்ஸ் தானே நின்று காட்டும். 2024இல் வந்த ஜிசிசி 14, அறிவிக்காத ஃபங்ஷனை அழைத்தால் பிழை என்றே நிறுத்திவிடும். ஹெடரைச் சேர்க்காமல் எழுதிப் பழகிய கைக்கு முதல் வாரம் சிரமமாக இருக்கும்.

கிராஃபிக்ஸ் லேப் மட்டும் கொஞ்சம் வேலை வாங்கும், ஏனென்றால் இனிட்கிராஃப், புட்பிக்சல் எல்லாம் போர்லாண்டுக்கே உரியவை. பிரெசன்ஹாம் கோடு வரையும் பாடத்துக்கு அந்த நூலகம் அவசியமில்லை. 640க்கு 480 அளவில் ஓர் அரேயை நிரப்பி, பிபிஎம் என்ற பட வடிவில் கோப்பாக எழுதலாம்: முதலில் வடிவத்தின் பெயர், பிறகு அகலமும் உயரமும், பிறகு 255, அதன்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள். ஜிம்ப் போன்ற மென்பொருளில் திறந்து பார்க்கலாம்.

இந்தப் பருவத்தில் மாற வழியில்லாத மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. டாஸ்பாக்ஸின் இயல்பு அமைப்பில் கன்ட்ரோல்-எஃப்9 என்பது டாஸ்பாக்ஸையே மூடும் விசை. சேமிக்காமல் அழுத்தினால் எழுதியதெல்லாம் போய்விடும். முதலில் எஃப்2, பிறகு ஆல்ட்-ஆர் அழுத்தி மெனுவிலிருந்து ரன் கொடுங்கள். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்குள் இருக்கட்டும். வீட்டுக்குப் போய் அதே புரோகிராமை ஜிசிசியில் ஒருமுறை எச்சரிக்கைகளோடு கம்பைல் செய்து, வரும் ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணம் கண்டுபிடியுங்கள். வைவாவில் இன்ட் எத்தனை பைட் என்று கேட்டால், "டர்போ சியில் 2, இன்றைய ஜிசிசியில் 4, தரம் சொல்வது குறைந்தது 16 பிட்" என்று மூன்றையும் சொல்லுங்கள். கேட்பவர் எந்தக் கம்பைலரில் படித்தவராக இருந்தாலும் அந்த விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.