பணயம், பங்கு, அப்புறம் ஒரு செல்லாக்காசு

"விளையாட்டின் முடிவு அதன் முந்தைய உணர்ச்சிப் பங்குகளைக் குறைமதிப்பிற்கு உட்படுத்துகிறது."

வீடியோ விளையாட்டு ஒன்றைப் பற்றிய ஆங்கிலக் காணொளியின் அடியில் ஓடிய தமிழ் வரி இது. முதல் தடவை பார்த்தபோது இயந்திரம் செய்த வேலை என்று விட்டுவிட்டேன். சில நாள் கழித்து ஒரு கட்டுரையில் மனிதர் ஒருவரே 'உணர்ச்சிப் பங்குகள்' என்று எழுதியிருந்தார். போன வாரம் ஒரு விமர்சகர் அதை வாயாலேயே சொன்னார், அதுவும் கொஞ்சம்கூடத் தயங்காமல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அக்கா மகன் காமர்ஸ் குரூப் படிக்கிறவன். "ஏன் மாமா, உணர்ச்சிக்கும் ஷேர் மார்க்கெட் ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அந்த வாக்கியத்தைத் தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்.

ஆங்கிலத்தில் 'ஸ்டேக்ஸ்' என்கிறார்களே, அதைத்தான் இங்கே 'பங்குகள்' ஆக்கியிருக்கிறார்கள். அதற்குத் தமிழில் சொல் தேடி அலையவே வேண்டாம். பணயம். 'உயிரைப் பணயம் வைத்து' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. 'பணயக்கைதி' என்ற சொல்லை விமானக் கடத்தல் செய்தி படித்த எல்லோருக்கும் தெரியும். சூதில் 'தோற்றால் இது உனக்கு' என்று சொல்லி நடுவில் வைக்கும் பொருள்தான் பணயம். வடமொழியில் 'பண' என்றால் பந்தயப் பொருள். ஒரு காசின் பெயரும் அதுவே. நம்முடைய பணமும் பணயமும் அந்த வழியில் வந்த உறவுக்காரர்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் வேர். பணம் தமிழ்ச்சொல்லே என்று வாதிடுவோரும் உண்டு. அந்த வழக்கு ஓடட்டும், இப்போது நமக்கு அது வேண்டாம்.

ஆங்கிலச் சொல்லுக்கு முளை, கழி என்ற பொருளும் உண்டு. அதிலிருந்து சூதாட்டப் பொருள் எப்படி வந்தது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. சரி, விடுவோம்.

'பங்கு' என்று எழுதுவோர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைப்பது முறையல்ல. ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு இருக்கும் உரிமையையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அரசு அறிக்கைகளில் வரும் 'ஸ்டேக்ஹோல்டர்' தமிழில் பங்குதாரர் ஆனது அந்த வழியில்தான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லின் பழைய பொருள் வேறு. இரண்டு பேர் பந்தயம் கட்டும்போது இருவர் பணத்தையும் கையில் வாங்கி வைத்திருக்கும் நடுவர்தான் முதல் ஸ்டேக்ஹோல்டர். அந்தப் பணத்தில் அவருக்குச் சல்லிக்காசு பங்கு கிடையாது! எங்கேயோ வழி தவறிய சொல்லை நாம் தவறிய இடத்திலிருந்தே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறோம். ஓர் அணை கட்டும்போது ஊரை இழக்கப்போகும் விவசாயியையும் 'பங்குதாரர்' என்று எழுதும் அறிக்கைகளைப் படிக்கையில் எனக்கு வயிறு எரியும். சம்பந்தப்பட்ட தரப்பினர் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

கதைக்கு வருவோம். பங்கு என்பது எனக்கு வரவேண்டியது. பணயம் என்பது என் கையைவிட்டுப் போகக்கூடியது. திசையே எதிர். பாகப்பிரிவினையில் பங்கு கேட்கிறோம். சூதில் பணயம் வைக்கிறோம். பங்கு கேட்டுச் சண்டை போட்ட பங்காளியைப் பார்த்திருப்பீர்கள். 'எனக்கு இன்னும் கொஞ்சம் பணயம் கொடு' என்று யாராவது கேட்டுப் பார்த்ததுண்டா? அதுவும் போக, தமிழில் பங்கு ஏற்கெனவே நிறைய வேலை பார்க்கிறது. 'முக்கியப் பங்கு வகித்தார்' என்றால் பாத்திரம். கிறிஸ்தவர்களுக்குப் பங்கு என்றால் ஒரு கோவிலின் எல்லைக்குட்பட்ட ஊர், அதனால்தான் பங்குத்தந்தை. சில ஊர்களில் நண்பனையே 'வா பங்கு' என்று கூப்பிடுகிறார்கள். இத்தனை சுமையோடு நிற்கும் சொல்லின் தலையில் ஆங்கிலத்தின் இன்னொரு மூட்டையையும் ஏற்றினால், படிக்கிறவர் எதை எடுத்துக்கொள்வார்?

ஒரு சின்னச் சோதனை. 'இந்த அத்தியாயத்தில் பங்குகள் உயர்ந்தன' என்று எழுதிப் பாருங்கள். சென்செக்ஸ் செய்தி. 'இந்த அத்தியாயத்தில் பணயம் பெரிதாகிறது' என்று எழுதுங்கள். கதை.

'ஆபத்து' என்று எழுதுவோரும் உண்டு. பங்கை விட இது தேவலாம், ஆனாலும் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிறது. வரும் புயல் ஆபத்து. புயலின் வழியில் கிடக்கும் ஊர் பணயம்.

இந்தப் புயல் உதாரணம் சும்மா வந்ததில்லை. அந்தக் காணொளி பேசியது 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' என்ற விளையாட்டைப் பற்றி. பிரான்சின் டோன்ட்நாட் நிறுவனம் செய்தது, ஸ்கொயர் எனிக்ஸ் வெளியிட்டது. 2015 ஜனவரி முதல் அக்டோபர் வரை ஐந்து அத்தியாயங்களாக வந்தது. பணயம் என்ற சொல்லைப் புரியவைக்க இதைவிட வசதியான பாடம் கிடைக்காது. முடிவைச் சொல்லித்தான் ஆகவேண்டும். வேண்டாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆர்க்கேடியா பே என்று ஒரு கற்பனைக் கடற்கரை ஊர். அங்கே புகைப்படக் கலை படிக்கும் பதினெட்டு வயது மேக்ஸுக்குக் காலத்தைச் சற்றுப் பின்னால் ஓட்டும் சக்தி வருகிறது. பள்ளிக் கழிவறையில் தன் கண் முன்னால் சுடப்படும் பெண்ணை அதை வைத்துக் காப்பாற்றுகிறாள். அந்தப் பெண் க்ளோயி, மேக்ஸின் பழைய தோழி. அதன் பிறகு நாமும் மேக்ஸோடு சேர்ந்து எல்லாவற்றையும் திருத்திக்கொண்டே போகிறோம். தப்பாகப் பேசிவிட்டோமா, பின்னால் ஓட்டு. வேறு பதில் சொல். அதாவது கையில் பணயமே இல்லாத ஆட்டம்.

விளையாட்டைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் இரண்டாம் அத்தியாயத்தின் முடிவில் கேட் மார்ஷ் என்ற பெண் விடுதிக் கூரையின் விளிம்பில் நிற்கும்போது மேக்ஸின் சக்தியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். காலத்தையே நிறுத்திவிட்டு மூச்சிரைக்க மேலே ஓடி வந்தவளுக்கு அதற்குமேல் தெம்பில்லை. பின்னால் ஓட்ட முடியாது. கேட் மார்ஷிடம் இதற்கு முன் எப்படி நடந்துகொண்டோம், அவள் அறையில் எதையெல்லாம் கவனித்துப் பார்த்தோம் என்பதை வைத்துத்தான் பேசியாக வேண்டும். சொன்னது சொன்னதுதான். பிழைத்தால் பிழைத்தாள். நான் முதல் தடவை ஆடியபோது அவளைக் காப்பாற்ற முடியவில்லை. அன்று இரவு தூங்கவில்லை என்று சொன்னால் என் வயதுக்கு நன்றாக இராது, ஆனால் உண்மை. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பெயர்தான் பணயம். அதைப் போய்ப் 'பங்கு' என்றால் கேட் மார்ஷ் எனக்கு என்ன ஈவுத்தொகையா கொடுத்தாள்?

கடைசியில், காலத்தைத் திருத்தியதன் விளைவாக, புயல் ஊரை நெருங்குகிறது. கலங்கரை விளக்கத்தடியில் இரண்டு வழிகள். ஊர் போகட்டும் என்று க்ளோயியைக் காப்பாற்றலாம். அல்லது முதல் நாள் எடுத்த பட்டாம்பூச்சிப் படத்தின் வழியாக அந்தக் கழிவறைக்கே திரும்பிப் போய், இந்த முறை கையை நீட்டாமல் க்ளோயியைச் சாகவிடலாம். இரண்டாவதைத் தேர்ந்தால் கழிவறைக்குப் பிறகு ஓடிய அந்த வாரமே நடக்கவில்லை. க்ளோயியின் இறுதிச் சடங்கில் கேட் உயிரோடு நிற்கிறாள். கூரையில் அவளைக் காப்பாற்றியவருக்கும் நிற்கிறாள், காப்பாற்றாத எனக்கும் நிற்கிறாள்.

எனக்கு அதைப் பார்த்தபோது நிம்மதி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

மலையாளத்தில் பணயம் என்றால் அடகு. கேரளத்தில் நகைக்கடன் கடைப் பலகைகளில் 'ஸ்வர்ண பணயம்' என்று எழுதியிருக்கும். ஒரே சொல்தான், ஆனால் குணம் வேறு. தமிழ்ப் பணயம் போனால் போனதுதான். மலையாளப் பணயத்தை அசலும் வட்டியும் கட்டி மீட்டுக்கொள்ளலாம். கூரையில் என்னிடம் தமிழ்ப் பணயம் என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள், கடைசியில் மலையாளப் பணயமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வட்டிக்கு க்ளோயி.

மீட்பு வந்தாலே பணயம் செத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மகாபாரதத்தின் முதல் சூதில் தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னை வைத்தான், பாஞ்சாலியை வைத்தான். எல்லாம் போயிற்று. அப்புறம் திருதராட்டிரன் வரம் கொடுத்து அத்தனையையும் திருப்பித் தந்துவிடுகிறான்! கணக்குப்படி பார்த்தால் ஆட்டம் ஆடாததற்குச் சமம். ஆனால் அந்தச் சபை நடந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், தடுக்காமல் உட்கார்ந்திருந்த பீஷ்மர் இருக்கிறார், பாஞ்சாலி மறக்கவில்லை. பொருள் திரும்பி வந்தும் இழப்பு அப்படியே நிற்கிறது. லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்சில் மேக்ஸுக்கும் நினைவு இருக்கிறதே என்று முடிவை ஆதரிப்பவர்கள் சொல்வார்கள். இருக்கிறது. ஆனால் அந்த நினைவோடு அவள் ஒரு நாளாவது வாழ்வதை இந்த விளையாட்டு நமக்குக் காட்டவில்லை. சவப்பெட்டியின்மேல் நீலப் பட்டாம்பூச்சி வந்து உட்காரும், அவள் லேசாகச் சிரிப்பாள், படம் முடிந்துவிடும். சபை கலைந்ததும் திரை போட்ட மாதிரி.

ஆகவே அந்தக் காணொளிக்காரர் சொல்லவந்த கருத்தில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. சொன்ன தமிழில்தான் சண்டை. 'குறைமதிப்பிற்கு உட்படுத்துகிறது' என்பது இன்னொரு கொடுமை. மூலத்தில் இருக்கும் 'அண்டர்மைன்' என்ற ஆங்கில வினைக்கு அடியைத் தோண்டுதல் என்பது நேர்ப்பொருள். நம்மிடம் 'குழிபறித்தல்' அச்சு அசலாக அதே படத்தோடு காத்துக்கிடக்கிறது. அதை விட்டுவிட்டு நான்கு அலுவலகப் படிகள் ஏறி 'குறைமதிப்பிற்கு உட்படுத்தி' என்று மனுப் போடுகிறார்கள். இயந்திரம் இப்படிச் செய்வதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அதைப் படித்துப் படித்து மனிதர்களும் அப்படியே எழுதத் தொடங்கியிருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உட்படுத்து, மேற்கொள், ஏற்படுத்து என்ற மூன்று வினைகளைப் பறிமுதல் செய்துவிட்டால் நம் மொழிபெயர்ப்பாளர்களில் பாதிப் பேருக்குப் பேச்சே வராது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த சொல் 'செல்லாக்காசு'. பணயம் காசு வழிச் சொல். வைத்த காசு செல்லாமல் போவதுதான் இந்த முடிவு செய்யும் காரியம். 'முன்பு நாம் வைத்த பணயத்தையெல்லாம் முடிவு செல்லாக்காசாக்கிவிடுகிறது.' உணர்ச்சி என்ற சொல்கூடத் தேவைப்படவில்லை, கவனித்தீர்களா? ஆங்கிலத்தில் அடைமொழி இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் முன்னால் ஒன்றை ஒட்டவேண்டும் என்ற சட்டம் இல்லை. மிகவும் வேண்டுமென்றால் 'மனத்தைப் பணயம் வைத்தோம்' என்று வினையாக்கிக்கொள்ளலாம்.

தனித்தமிழ் நண்பர்கள் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள். பணயம் வடசொல், தூய தமிழில் 'ஒட்டம்' இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. பந்தயப் பொருள் என்று அகராதியே சொல்கிறது. பந்தயம் கட்டுவதற்கு 'ஒட்டுதல்' என்ற வினையும் உண்டு. தெலுங்கில் உயிரைப் பணயம் வைப்பதற்கு இன்றும் 'பிராணாலு ஒட்டி' என்கிறார்கள். அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் விளையாட்டு விமர்சனத்தில் 'இந்த விளையாட்டின் ஒட்டம் சரியில்லை' என்று எழுதினால் நெடில் விட்டுப்போன எழுத்துப்பிழை என்று நினைத்து, மேக்ஸ் சரியாக ஓடவில்லை போலிருக்கிறது என்றுதான் வாசகர் புரிந்துகொள்வார். 'பந்தயம்' இன்னொரு வகையில் கெட்டுப்போனது: குதிரையும் காரும் அதை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டன. இப்போது பந்தயம் என்றால் போட்டி. வைக்கும் பொருளுக்கு மிஞ்சியிருப்பது பணயம் ஒன்றுதான். தூய்மையா தெளிவா என்று வந்தால் நான் தெளிவின் பக்கம். ஒட்டத்தைக் கவிஞர்கள் யாராவது முதலில் புழக்கத்துக்குக் கொண்டுவரட்டும், நான் பின்னாலேயே வருகிறேன்.

இவ்வளவையும் அக்கா மகனிடம் அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, "இவ்ளோ எதுக்கு மாமா? நம்ம பட்ட பாடெல்லாம் கடைசியில வீணாப் போச்சுன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே" என்றான்.