ரெஸ்லிங் வீரர்கள் எப்படி விழுகிறார்கள்?

‘ரெஸ்லிங் எல்லாம் டிராமா என்கிறார்கள். அப்படியானால் அத்தனை உயரத்திலிருந்து தூக்கிப் போட்ட பிறகும் எப்படி எழுந்து நடக்கிறார்கள்? தரையில் மெத்தையா போட்டிருக்கிறார்கள்?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ட்ரம்ப் கார்டு சீட்டுகளில் ரெஸ்லிங் வீரர்களின் உயரமும் எடையும் பார்த்து வளர்ந்தவர் போலிருக்கிறது.

முதல் பாதிக்குப் பதில் எளிது. யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவாகிவிடும். முடிவு செய்பவருக்குப் புக்கர் என்று பெயர். இந்த ஏற்பாட்டுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1916 ஜூலை 4 அன்று அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஜோ ஸ்டெச்சரும் எட் ‘ஸ்ட்ராங்லர்’ லூயிஸும் மோதிய ஆட்டம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இழுத்து, கடைசியில் சமனில் முடிந்தது. ஒருவரையொருவர் பிடித்தபடி கிடக்கும் ஆட்டத்துக்கு எத்தனை நாள்தான் டிக்கெட் விற்க முடியும்? 1920களில் இதே லூயிஸும், மேனேஜர் பில்லி சாண்டோவும், டூட்ஸ் மாண்ட் என்ற வீரரும் சேர்ந்து ஆட்டத்துக்கு நேர வரம்பு வைத்தார்கள், பாக்ஸிங்கிலிருந்து குத்துகளை எடுத்துக்கொண்டார்கள், தூக்கி எறிவதைக் கூட்டினார்கள், முடிவை முன்கூட்டியே எழுதினார்கள். ஒரே குழுவை ஊர் ஊராக அழைத்துப்போனார்கள். ஏற்பாடு செய்த ஆட்டங்கள் திருவிழாக் கூடாரங்களில் அதற்கு முன்பும் உண்டு. இவர்கள் அதை முறையான தொழிலாக்கினார்கள்.

முடிவை எழுதிவிடலாம். புவியீர்ப்பை யாரும் எழுதி மாற்ற முடியாது. ஆகவே இரண்டாவது கேள்விதான் ருசியானது.

மெத்தை இல்லை. டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்க ரெஸ்லிங் நிறுவனத்தின் ரிங் பக்கத்துக்கு 20 அடி. நான்கு மூலையிலும் இரும்புத் தூண்கள், அவற்றுக்கிடையே இரும்பு உத்தரங்கள், உத்தரங்களின் மேல் நெருக்கமாக அடுக்கிய மரப்பலகைகள், அதன் மேல் ஏறக்குறைய ஓர் அங்குல ஃபோம், எல்லாவற்றுக்கும் மேல் இழுத்துக் கட்டிய கேன்வாஸ். ஃபோமைத் தடிமனாகப் போட்டால் என்ன? கால் புதையும். நூறு கிலோ ஆளைத் தோளில் தூக்கியிருப்பவனுக்குக் கணுக்கால் பிசகினால் இருவர் கழுத்துக்கும் ஆபத்து. அதனால் மேற்பரப்பு கெட்டியாக இருக்க வேண்டும், அடித்தளம் வளைய வேண்டும். பலகைகளும் உத்தரங்களும் வளைந்து கொடுப்பதுதான் ரிங்கின் ரகசியம். சில ரிங்குகளில் நடுவே ஒரு கனமான ஸ்பிரிங்கும் வைப்பார்கள். அதிலும் அளவு வேண்டும். ஸ்பிரிங் வாங்கிய ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துவிடும். உடல் மேலே எகிறி, தலை இரண்டாவது முறை வெட்டி இழுக்கும். பலகைகளோ ஒன்றோடொன்று உரசி, ஆற்றலில் ஒரு பங்கைச் சத்தமாகவும் வெப்பமாகவும் செலவழித்துவிடுகின்றன. நடுவில் நன்றாக வளையும் தளம் ஓரத்துக்குப் போகப் போக விறைக்கும். கயிற்றுக்கு வெளியே இருக்கும் விளிம்பில், உத்தரத்தின் நேர்மேலே விழுந்தால், ஏறக்குறைய இரும்பில் விழுந்த கதைதான்.

இனி கணக்கு. தோள் உயரம், அதாவது 1.5 மீட்டரிலிருந்து ஒருவர் விழுகிறார் என்று வைப்போம். தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 5.4 மீட்டர், மணிக்கு 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல். இந்த வேகம் எவ்வளவு தூரத்தில் பூஜ்யமாகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கான்கிரீட்டில் விழுந்து, உடல் 2 செ.மீ. அமுங்கி நின்றால், சராசரி முடுக்கம், விழுந்த 150 செ.மீ.-ஐ 2-ஆல் வகுத்தது: 75 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 75 மடங்கு. ரிங் வளைந்து மொத்தம் 10 செ.மீ. இடம் கொடுத்தால் 15 ஜி. ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. ஆனாலும் 100 கிலோ ஆளுக்கு அது ஏறத்தாழ ஒன்றரை டன் விசை. இந்த ஒன்றரை டன்னை உடலின் எந்தப் பகுதிக்குக் கொடுப்பது என்பதைத்தான் ரெஸ்லிங் பள்ளிகளில் முதலில் கற்றுத் தருகிறார்கள். அதன் பெயர் பம்ப்.

பயிற்சி குந்திய நிலையில் தொடங்கும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கைகளை மார்பின் குறுக்கே வைத்துப் பின்னால் சாய வேண்டும். பழகியபின் நின்றபடி விழுவது, அதன்பிறகே தூக்கிப் போடுவது. சரியான பம்ப்பில் மேல் முதுகு முழுவதும் ஒரே கணத்தில் தளத்தைத் தொடும். கைகள் உடலிலிருந்து 45 பாகை விலகி, உள்ளங்கை கீழ்நோக்கி அடிக்கும். முழங்கால் மடங்கிப் பாதம் தட்டையாக இறங்கும். விழும் நேரத்தில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். வீரர்கள் கத்துவதில் பாதி நடிப்பு, பாதி இதுதான்.

முதுகும் கைகளும் பாதங்களும் சேர்ந்து 2,500 சதுர செ.மீ. பரப்பு தொடுகிறது என்றால், ஒன்றரை டன் விசை ஒரு சதுர செ.மீ.க்கு 0.6 கிலோவாகக் கரைந்துவிடும். இப்போது பயந்துபோய் முழங்கையைப் பின்னால் ஊன்றுகிறார் என்று வையுங்கள். மொத்த விசையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் அந்தப் பத்துச் சதுர செ.மீ. எலும்பில் இறங்கினாலும் ஒரு சதுர செ.மீ.க்கு 15 கிலோ. இருபத்தைந்து மடங்கு! விழும்போது கையை ஊன்றுவது மனிதனுக்குப் பிறவிப் பழக்கம். அதை மறக்கடிப்பதற்குத்தான் அத்தனை பயிற்சியும்.

கையால் தளத்தை அறைவது விசையை விழுங்கிவிடும் என்று பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இரண்டு கைகளும் சேர்ந்தே உடல் எடையில் பத்தில் ஒரு பங்குதான். அவை எவ்வளவை விழுங்க முடியும்? கைகளை முதுகுக்கு அடியில் போகவிடாமல் வேறு வேலையில் வைத்திருப்பதே அந்த அறையின் பெரிய நன்மை. கூடவே சத்தம் இலவசம். ரிங் உள்ளே காலியான பெட்டி. அடியில் மைக்கும் வைத்துவிட்டால் அரங்கமே அதிரும்.

(ரிங்கைச் சுற்றித் தொங்கும் கருப்புத் துணிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர், செத்துச் செத்துப் பிழைப்பார் என்று நம்மூர்ப் பள்ளிகளில் சத்தியம் செய்து சொல்லப்பட்ட கதையில் பாதியை அந்தத் துணியே விளக்கிவிடும். மார்க் காலவே என்ற மனிதர் 1990 முதல் நடித்த பாத்திரம் அது. பள்ளிப் பிள்ளைகள் நம்பினால் போகட்டும், வளர்ந்தவர்களும் இன்றுவரை விவாதிக்கிறார்கள்!)

தாடையை ஏன் ஒட்ட வேண்டும்? தோள் தளத்தில் நின்றுவிடும், ஐந்து கிலோத் தலை நிற்காது. கழுத்தை அச்சாக வைத்துச் சாட்டை போலச் சுழன்று பின்மண்டை தளத்தில் மோதும். இந்தச் சுழற்சி மூளைக்குள் நரம்பு இழைகளை இழுத்துக் கிழிக்கக் கூடியது. தாடை ஒட்டியிருந்தால் தலைக்குச் சுழல இடமில்லை.

ஆனால் முதுகால் விழும்போது காப்பாற்றும் அதே தாடை, தலைகீழாக விழும்போது எதிரியாகிவிடுகிறது. நம் கழுத்தெலும்பு இயல்பில் லேசாக வளைந்திருக்கும். உச்சந்தலையில் அடி விழுந்தால் அந்த வளைவும் தசைகளும் சேர்ந்து ஓரளவு தாங்கும். தலையைச் சற்று முன்னால் குனிந்தால் வளைவு மறைந்து ஏழு எலும்புகளும் நேர்க்கம்பமாகிவிடும். அந்த நிலையில் உச்சியில் அமுக்கினால் மொத்த விசையும் எலும்பு வழியாகவே இறங்கி, கம்பம் இடையில் முறியும். அமெரிக்கன் ஃபுட்பாலில் தலையை ஈட்டியாக்கி மோதுவதை 1976-ல் தடை செய்தது இதனால்தான். அதன்பின் கைகால் முடங்கிப்போன வீரர்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

ரெஸ்லிங்கில் பைல்டிரைவர் என்ற பிடிக்கு இந்த ஆபத்து உண்டு. எதிரியைத் தலைகீழாகத் தொடைகளுக்கிடையே பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இறங்குபவரின் தொடையோ பின்புறமோ முதலில் தளத்தைத் தொட்டு எடையை வாங்கிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்குபவரின் உச்சி தொடை மட்டத்துக்கு மேலேயே நிற்கும். இடைவெளி சில அங்குலம்தான். 1997 ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாம் போட்டியில் ஓவன் ஹார்ட் உட்கார்ந்தபடி இறங்கியபோது ஸ்டீவ் ஆஸ்டினின் தலை கீழே தள்ளியிருந்தது. ஆஸ்டினுக்குச் சிறிது நேரம் கைகால் அசையவில்லை. எழுதிவைத்த முடிவு மாறக் கூடாது என்பதால் அரைகுறையாகத் தவழ்ந்து வந்து எதிரியைச் சுருட்டிப் பிடித்து ஜெயித்தார். இதுபோல நிஜமாக அடிபட்டால் ரெஃப்ரி இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டுவார். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கான சைகை அது.

ரத்தம் பற்றியும் கேட்பீர்கள். சாஸ் இல்லை, நிஜம். மணிக்கட்டு டேப்பில் ஒளித்த பிளேடு துணுக்கால் நெற்றியில் மெல்லக் கீறிக்கொள்வார்கள். தலைத்தோலின் அடர்ந்த இழைகள் வெட்டுப்பட்ட ரத்தக்குழாயைச் சுருங்கவிடாமல் திறந்தே பிடித்திருக்கும். சின்னக் கீறலே வழியும், வியர்வை அதை முகமெங்கும் பரப்பும். கை ஆழமாகப் போய்விட்டால்தான் வம்பு. 2004-ல் எடி குவரேரோவுக்கு அப்படித்தான் ஆனது. டபிள்யூ.டபிள்யூ.இ. 2008-க்குப் பிறகு இதைப் பெரும்பாலும் தவிர்த்துவந்தது.

இத்தனை விசையையும் யார் கண்காணிக்கிறார்கள்? 1989-ல் நியூஜெர்ஸி மாநில சட்டமன்றத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (டபிள்யூ.டபிள்யூ.இ.யின் பழைய பெயர்) தரப்பே முன்வந்து, ‘எங்களுடையது போட்டியல்ல, பொழுதுபோக்கு’ என்று ஒப்புக்கொண்டது. மாநில விளையாட்டு ஆணையத்தின் மேற்பார்வையும் வரியும் தொலைய வேண்டும் என்பதே நோக்கம். வீரர்கள் ஊழியர்களும் அல்ல, ஒப்பந்தக்காரர்கள். 2007-ல் இறந்த கிறிஸ் பென்வா என்ற வீரரின் மூளையை ஆராய்ந்தவர்கள் அதில் பலத்த சேதம் கண்டார்கள், 2010-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. தலையில் நாற்காலியால் அடிப்பதைத் தடை செய்தது. ஆனால் பம்ப் தடை செய்யக் கூடியதல்ல, அதுதானே தொழில். ஒரு பம்ப்பின் 15 ஜி தாங்கக் கூடியதே. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான பம்ப்புகள் கூடினால் மூளை என்னவாகும் என்பதை ஃபுட்பாலுக்கும் பாக்ஸிங்குக்கும் பணம் போட்டு ஆராய்ந்த அளவுக்கு இங்கே ஆராயவில்லை. போட்டியில்லை என்றதும் ஆய்வு நிதி தருபவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்கு அபத்தமாகப் படுகிறது.

ரக்பியில் 2024 முதல் பல்கவசத்துக்குள் சென்சார் வைத்துத் தலையின் முடுக்கத்தை அளக்கிறார்கள். ரெஸ்லிங்கில் அது சுலபமில்லை: ஆட்டக்காரர்கள் அடுத்த பிடி என்ன என்பதைக் காதோடு கிசுகிசுத்துக்கொண்டே ஆடுகிறார்கள், பல்கவசம் மாட்டினால் பேச்சு குழறும், குழறினால் பிடி பிசகும். காதுக்குப் பின்னால் ஒட்டும் சென்சார் தோலோடு சேர்ந்து அசைவதால் அளவு கூடுதலாகக் காட்டும். பயிற்சிப் பள்ளியில், ஒருவரே திரும்பத் திரும்ப விழும் நாட்களில், பல்கவசம் மாட்டி அளக்க எந்தத் தடையும் இல்லை. அங்கிருந்தாவது தொடங்கலாம்.