செங்குத்துப் பத்தியில் ஒரு பூஜ்யம்

ப்ளஸ் ஒன் இயற்பியல் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் வருஷாவருஷம் ஒரு விடை கண்ணில் படும்: 1.24 விநாடி.

கேள்வி இதுதான். 20 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு பந்தை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் கிடைத்தளமாக எறிகிறோம். தரையைத் தொட எவ்வளவு நேரமாகும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்க. உடனே இயக்கச் சமன்பாட்டை எடுத்து, தொடக்கத் திசைவேகம் 10, தொலைவு 20, முடுக்கம் 10 என்று வரிசையாகப் போட்டு, இருபடிச் சமன்பாட்டைப் பிழையில்லாமல் தீர்த்து 1.24க்கு வந்து நிற்கிறார்கள். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. இயற்பியல்தான் தப்பு. அந்த 10 பக்கவாட்டில் போகிற வேகம். பந்து கீழே இறங்குவதில் அதற்கு வேலையே கிடையாது. கீழ்நோக்கித் தொடக்கத் திசைவேகம் பூஜ்யம். சரியான விடை 2 விநாடி.

மைனஸில் ஏதாவது விடை வந்திருந்தால் பையனே சந்தேகப்பட்டிருப்பான். 1.24 பார்க்க ஒழுங்காக இருக்கிறது, அதுதான் சங்கடம்.

இதைப் பலகையில் எழுதிப் புரியவைக்க நான் பல வருஷம் முயன்றேன். தலையாட்டுவார்கள், அடுத்த தேர்வில் மறுபடி 1.24. இப்போது பாடத்தை நாணயத்தில் தொடங்குகிறேன். மேசை விளிம்பில் ஸ்கேலைச் சாய்வாக, பாதி வெளியே நீட்டும்படி வைக்க வேண்டும். நீட்டிய முனையின் மேல் ஒரு ரூபாய் நாணயம். மேசைமேல் இருக்கும் பாதிக்கும் விளிம்புக்கும் நடுவில் இன்னொன்று. ஸ்கேலின் நடுவை விரலால் அழுத்திக்கொண்டு, நீட்டிய முனையை மேசைப் பக்கமாகச் சட்டென்று தட்டினால், முதல் நாணயம் இருந்த இடத்திலேயே நேராக விழும். இரண்டாவது தெறித்துக்கொண்டு போய்த் தள்ளி விழும்.

தட்டுவதற்கு முன் கேட்பேன், எது முதலில் விழும்? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் “நேரா விழுறதுதான் சார், அதுக்குத் தூரம் கம்மி” என்பார்கள். அப்புறம் கண்ணை மூடிக் கேட்கச் சொல்வேன். ஒரே ஒரு ‘டக்’. நம்பாமல் இன்னொரு தடவை, இன்னும் வேகமாகத் தட்டச் சொல்வார்கள். நாணயம் கதவு வரை ஓடும், சத்தம் அப்போதும் ஒன்றுதான். மேசை உயரம் 80 சென்டிமீட்டர் என்றால் இரண்டுக்கும் 0.4 விநாடி. (சிமெண்ட் தரை வேண்டும். பாய் விரித்த அறையில் செய்து நான் அசடு வழிந்திருக்கிறேன்.)

இதற்குப் பிறகு நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு இரண்டு பத்தியாகப் பிரிக்கச் சொல்கிறேன். இடப்பக்கம் கிடைத்தளம்: அங்கே முடுக்கம் பூஜ்யம், திசைவேகம் மாறாது. வலப்பக்கம் செங்குத்து: அங்கே தொடக்கத் திசைவேகம் பூஜ்யம், முடுக்கம் 10. கோட்டைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போக அனுமதி உள்ள ஒரே ஆள் நேரம். வலப்பக்கத்தில் 2 விநாடி என்று கண்டுபிடித்து, இடப்பக்கம் கொண்டுவந்து 10ஆல் பெருக்கினால் பந்து 20 மீட்டர் தள்ளி விழும். வேகத்தை 20 ஆக்கினால் 40 மீட்டர்; நேரம் அதே 2 விநாடி.

தரையைத் தொடும் வேகத்தில் மட்டும் இரண்டு பத்தியும் ஒன்று சேரும். பக்கவாட்டில் 10, கீழ்நோக்கி 20. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 22.4. பாதிப் பேர் 20 என்று எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

பாதையை வரையச் சொன்னால் சிலர் கொஞ்ச தூரம் நேர்க்கோடு போட்டு, அப்புறம் வளைத்து, கடைசியில் செங்குத்தாக இறக்குவார்கள். இதற்காகத் திட்ட மனம் வருவதில்லை. 1537இல் பீரங்கிக் குண்டின் பாதையை இத்தாலியக் கணித அறிஞர் டார்டாக்லியா கிட்டத்தட்ட இப்படித்தான் வரைந்தார். அது பரவளையம் (parabola) என்ற வளைகோடு என்று கலிலியோ நிறுவி அச்சில் கொண்டுவர 1638 ஆகிவிட்டது. நூறு வருஷம் பெரியவர்கள் தடுமாறிய இடத்தை நாம் ஒரு பீரியடில் தாண்டச் சொல்கிறோம். கைவிட்ட கணத்திலேயே வளைவு தொடங்கிவிடுகிறது, நேராகப் போகிற பகுதி என்று ஒன்று கிடையாது. (காற்றின் தடையை இதுவரை கணக்கில் எடுக்கவில்லை. நாணயத்துக்கு அதனால் குறையில்லை, பஞ்சுக்குப் பொருந்தாது.)

சுற்றுலா போய்வந்த பையன் ஒருவன் ரயில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை வெளியே எறிந்ததாகச் சொன்னான். பாதித் தண்ணீர் இருந்த பாட்டில். “ஆள் இல்லாத புதரைப் பார்த்துத்தான் சார் போட்டேன்.” சரி, பலகைக்கு வா என்றேன். ரயில் மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 25 மீட்டர். ஜன்னல் தரையிலிருந்து 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். விழ 0.63 விநாடி. அதற்குள் பாட்டில், காற்றை விட்டுவிட்டால், ரயிலோடு சேர்ந்தே கிட்டத்தட்ட 16 மீட்டர் முன்னால் போய்விடும். அவன் குறிவைத்த புதரில் அது விழுந்திருக்கவே முடியாது. விழுந்த இடத்தில் யாராவது நடந்துகொண்டிருந்தால், அவர்மேல் படும் வேகம் மணிக்கு 90க்குக் குறையாது.

கணக்கை அவனேதான் போட்டான். இடப்பக்கம் 25 என்று எழுதியவன், நான் சொல்லாமலே வலப்பக்கத்தில் தொடக்கத் திசைவேகத்துக்குப் பூஜ்யம் போட்டான்.