நாலு மணிக்கு எழுந்தால் மட்டும் போதுமா?

ஜனவரி பிறந்தால் ஊட்டி, கோத்தகிரி பக்கம் உறைபனி. மார்ச்சில் வரும் பொதுத்தேர்வுக்கான திருப்புதல் தேர்வுகளும் இந்தக் குளிரில்தான். மாணவர் ஆலோசகராக நான் பார்க்கிற பிள்ளைகள் பலர் இந்த மாதங்களில் ஒரே குறையோடு வருவார்கள்: "நல்லாத்தான் படிக்கிறேன் மேடம், எழுத உட்கார்ந்தா வரமாட்டேங்குது."

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் இதையே சொன்னாள். அறிவியல் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இரத்த ஓட்டப் பாடத்தில் அடிக்கோடு இல்லாத வரியே இல்லை. "சரி, புத்தகத்தை மூடு. இதயத்துக்குள்ள ரத்தம் போற வழியை எழுதிக் காட்டு" என்றேன். வலது ஏட்ரியம், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல் தமனி என்று மளமளவென எழுதியவள், நுரையீரலிலிருந்து ரத்தம் திரும்பும் இடத்தில் நின்றுவிட்டாள். நுரையீரல் சிரை என்ற சொல்லுக்கு அவளே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தாள்.

திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். படித்த ஐந்து நிமிடத்தில் கேட்டபோது மறுபடி மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வு வருவது வாரக்கணக்கு கழித்துத்தானே!

அதனால் ஒரு பகுதியைப் படித்ததும் மூடிவிட்டு எழுதிப் பாருங்கள். விட்டுப்போனதை மட்டும் திறந்து பாருங்கள். மறுநாள் ஒருமுறை, அடுத்த வாரம் ஒருமுறை அதையே செய்யுங்கள். முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும், பாதி வராது. பரவாயில்லை, அந்தத் திணறலில்தான் பாடம் மனதில் ஏறுகிறது. எஸ்டேட்டிலிருந்து பஸ்ஸில் வரும் பிள்ளைகள் வளைவுகளில் புத்தகத்தை விரித்தால் குமட்டும். கண்ணை மூடி, நேற்று படித்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாமே.

அப்புறம், பெற்றோரிடம் ஒன்று. பதினொன்று வரை விழித்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பாதீர்கள். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். படித்தது நினைவில் நிலைப்பதற்கும் தூக்கம் தேவை. விடியலில் படித்தே பழகிய பிள்ளை என்றால் இரவு எட்டு மணிக்கே படுக்கட்டும்.

விடியற்குளிருக்கு அறைக்குள் கரி அடுப்பு வைக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. கதவு, ஜன்னலை அடைத்த அறையில் அது உயிரையே வாங்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, குமட்டல், அசதி என்று பிள்ளை சொன்னால் படிப்புக் களைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். உடனே வெளிக்காற்றுக்குக் கூட்டி வந்து, நேராக மருத்துவமனைக்குப் போங்கள். குளிருக்கு ஸ்வெட்டர், காலுறை, கம்பளி போதும். கரி அடுப்பு படிக்கிற அறைக்குள்ளும் வேண்டாம், படுக்கிற அறைக்குள்ளும் வேண்டாம்.