வீடியோவில் மனநல சிகிச்சை: பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

வார்டில் சேர்க்கும் அளவுக்கு நோய் முற்றவில்லை. மாதம் ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிப்போனால் போதும் என்ற நிலையும் இல்லை. இந்த இடைப்பட்டவர்களுக்கானதுதான் தீவிர வெளிநோயாளர் சிகிச்சை. அமெரிக்காவில் பெரியவர்களுக்கு வாரம் 9 மணி நேரத்துக்குக் குறையாமல், தனியாகவும் குழுவாகவும் நடத்துவது வழக்கம். வேதாரண்யத்துக்காரர் வாரம் மூன்று நாள் தஞ்சாவூர் வந்துபோவது நடக்கிற காரியமா? நடவு, அறுப்புக் காலத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் பாதி அமர்வுகளை வீடியோவில் வைத்துக்கொள்கிறோம். 2020 மார்ச்சில் இந்தியாவில் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் இதற்கு இடம் தருகின்றன.

சிக்னல்தான் சிக்கல் என்று பலர் நினைக்கிறார்கள். சிக்னல் போனால் திரும்பக் கூப்பிடலாம். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? "நல்லபடியாக இருக்கிறேன் டாக்டர்" என்று வாய் சொல்லும். கண் ஓரமாகப் போய்வரும். மன்னார்குடிப் பக்கத்துப் பெண் ஒருவர் வயலில் உள்ள மோட்டார் கொட்டகையிலிருந்துதான் பேசுவார். மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. ஆகவே அந்த மின்சாரம் இல்லாத நேரம் பார்த்துத்தான் அமர்வைக் குறிப்போம். யாராவது வந்துவிட்டால் "மாத்திரை தீரப்போகிறது" என்பார். உடனே நானும் மாத்திரைக் கணக்குக்கு மாறிவிடுவேன்.

குழு அமர்வில் வேறு தொல்லை. டெல்டாவில் யாரை விசாரித்தாலும் யாருக்காவது உறவு. திரையில் சம்பந்தி வீட்டு முகம் தெரிந்தால் அன்றோடு வாய் மூடிக்கொள்ளும். எனவே ஒரே வட்டாரத்து ஆட்களை ஒரே குழுவில் போடுவதில்லை.

கேமராவுக்கு எட்டாதவையும் உண்டு. லித்தியம் என்ற மனநல மருந்தைச் சாப்பிடுகிறவர் வெயிலில் களையெடுத்து, வியர்த்து, தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து இரண்டு கையையும் நீட்டச் சொல்வேன். பிறகு நாலடி நடக்கச் சொல்வேன். நடுக்கம், தள்ளாட்டம் தெரிந்தால் அன்றே நேரில் வந்து ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தும் முதல் சில நாட்களில் வலிப்பு, பிதற்றல் வரலாம். அதை வீடியோவில் பார்க்க நான் துணியமாட்டேன், வார்டுதான்.

அமர்வு தொடங்கியதும் முதல் கேள்வி, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான். சம்பிரதாயக் கேள்வி என்று சிரிக்கிறார்கள். பதிவேட்டில் திருத்துறைப்பூண்டி முகவரி இருக்கும். ஆள் திருப்பூரில் வேலையில் இருப்பார். ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸை எந்த ஊருக்கு அனுப்புவது? கூட இருப்பவரின் எண்ணும் கையில் இருக்க வேண்டும். பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் பூட்டிச் சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைத்த பிறகே வீடியோ சிகிச்சைக்குச் சம்மதிக்கிறேன். இதில் குடும்பத்தார் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை.

அமர்வுகளுக்கு இடையில் மனம் தாங்காவிட்டால் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் இலவச உதவி எண். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். தொடர் சிகிச்சைக்கு அது மாற்று இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அங்கே போனை எடுக்க ஆள் இருப்பார்.