கோச்பில்டர்: கரூரில் கிடைக்கும் தமிழ்ச்சொல்

பழைய கார்களைப் பற்றிப் படிக்கும்போது அடிக்கடி எதிர்ப்படும் சொல் கோச்பில்டர். கார் கம்பெனி அடிச்சட்டமும் எஞ்சினும் சக்கரமும் கொடுக்கும்; அதன்மேல் மரச்சட்டம் போட்டு, அலுமினியத் தகட்டைத் தட்டி வளைத்து, மேற்பகுதி முழுவதையும் செய்து தருகிற தனிப் பட்டறைக்காரர்தான் கோச்பில்டர். எஞ்சினைப் பெரும்பாலும் அவர் தொடமாட்டார்.

கோச் என்பது ஹங்கேரியில் ஒரு கிராமத்தின் பெயர். 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் பேர்போனவை. பத்தமடைப் பாய் என்கிறோமே, அதே மாதிரி அந்த ஊர் வண்டிக்கு 'கோச்சி' என்று பெயர். அது ஐரோப்பிய மொழிகளில் சுற்றி ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் தாத்தாக்களிடம் 'கோச்சு வண்டி'யாக வந்து சேர்ந்தது. குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும் வேலை அதேதான் என்பதால், செய்தவர்களின் பெயரும் மாறவில்லை.

இந்தத் தொழில் சின்னக் கார்களில்தான் ரசமாக இருந்தது. பிரிட்டனில் 1922இல் வந்த ஆஸ்டின் செவனைப் பாருங்கள்: முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஆறேகால் அடி, எஞ்சின் 1923 முதல் 747 சிசி. விலை மலிவு, தோற்றம் சாது. அதே ஆண்டு பிளாக்பூலில் வில்லியம் லயன்ஸும் வில்லியம் வாம்ஸ்லியும் மோட்டார் சைக்கிளுக்கு ஆள் உட்காரும் பக்கப்பெட்டி (சைடுகார்) செய்யும் ஸ்வாலோ பட்டறையைத் தொடங்கினார்கள். 1927இல் ஆஸ்டின் செவன் அடிச்சட்டத்துக்கு, வளைந்த மூக்கும் இரட்டை நிறமுமாக இரண்டு பேர் உட்காரும் உடை போட்டார்கள். உள்ளே இருப்பது அதே ஏழை எஞ்சின்தான். பார்க்கிறவர்களுக்கோ பணக்காரக் கார்! அந்தப் பட்டறைதான் பிற்பாடு ஜாகுவார் ஆனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உடற்கட்டுநர்' என்றால் ஜிம் நினைவுக்கு வரும். 'வாகன மேலமைப்பு வடிவமைப்பாளர்' என்று சொல்லி முடிப்பதற்குள் கார் போய்விடும். கரூர்ப் பட்டறைகளில் கேளுங்கள்: பஸ்ஸுக்கு 'கூண்டு கட்டுகிறோம்', 'பாடி கட்டுகிறோம்' என்பார்கள். கூண்டில்லாத வெறும் அடிச்சட்டத்தை, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு டிரைவர் நெடுஞ்சாலையில் ஓட்டிப் போவதைப் பார்த்திருப்பீர்களே, அது போவது இப்படிப்பட்ட பட்டறைக்குத்தான். கூண்டு வண்டி என்று மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே நம்மிடம் உள்ள சொல். ஆகவே கோச்பில்டர் என்றால் கூண்டு கட்டுபவர். எழுத்தில் மிடுக்கு வேண்டுமானால் கூண்டு கட்டுநர். 'ஸ்வாலோ, ஆஸ்டின் செவனுக்குக் கூண்டு கட்டியது' என்று எழுதினால் கரூர்க்காரருக்கு உடனே புரியும்.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, மேற்கூடே பாரம் தாங்குகிறது. அவற்றுக்கு வெளியே ஒட்டுகிற அலங்காரத்தைக் கூண்டு கட்டுதல் என்று சொல்லக்கூடாது.