இலையைப் பார்த்துக் கோரைக்குப் பெயர் எழுதாதீர்கள்

அலாஸ்காவின் வடகோடிச் சமவெளியில் சேகரித்து, உலர்த்தி ஒட்டிய செடித் தாள்கள் என் மேசைக்கு வரும்போது, பலவற்றில் 'கேரெக்ஸ் அக்வாட்டிலிஸ்' (கேரெக்ஸ் என்ற கோரைப் பேரினத்தின் நீர்க்கோரை) என்று ஏற்கெனவே எழுதியிருக்கும். ஈரமான தூந்திரம், நீலம் படர்ந்த பச்சை இலை, அப்புறம் என்ன யோசனை என்று எழுதிவிடுகிறார்கள். தாளில் இருப்பதோ வெறும் இலைக்கட்டு. கதிர் இல்லை, காய் இல்லை, மண்ணுக்கடியில் ஓடும் தண்டும் இல்லை.

நானும் யோக்கியன் இல்லை. ஆரம்பத்தில் பூக்காத பஞ்சுக்கோரையை ஒரு வரிசை முழுக்க கேரெக்ஸ் என்று குறித்துவைத்தேன். பஞ்சுக்கோரை இலையின் நுனி முக்கோணமாகத் திரண்டு, பெரும்பாலும் செம்பழுப்பு ஏறியிருக்கும். விரலால் உருட்டியிருந்தாலே தெரிந்திருக்கும், குனியச் சோம்பல்.

சரி, கதிர் கிடைத்துவிட்டது என்றால் லென்ஸை எடுங்கள். உச்சியில் மெலிந்த ஆண் கதிர், கீழே பெண் கதிர்கள். பெண் கதிரில் ஒவ்வொரு கொட்டையும் ஒரு சின்னப் பைக்குள் இருக்கும், அதுதான் கேரெக்ஸின் முத்திரை. அக்வாட்டிலிஸில் பை பச்சையாக, தட்டையாக, நரம்பு புடைக்காமல் இருக்கும். அதன் மேல் கருஞ்செதில் படிந்திருப்பதால் கதிரே கறுப்பும் பச்சையும் கலந்த வரிபோலத் தெரியும். சூல்முடி, அதாவது மகரந்தம் பிடிக்கும் நுனி, இரண்டு. பை ஊதிப்போய் சூல்முடி மூன்றாக இருந்தால் அது வேறு, கேரெக்ஸ் ரொட்டுண்டேட்டாவாக இருக்கலாம்.

உண்மையான தலைவலி இன்னொரு இனமான கேரெக்ஸ் பிகெலோயிதான். அதற்கும் சூல்முடி இரண்டு, செதிலும் கறுப்பு. அங்கே நான் முதலில் பார்ப்பது கதிர்த்தொகுதிக்கு அடியில் கிளம்பும் இலையை: அக்வாட்டிலிஸில் அது பொதுவாக உச்சிக் கதிரை எட்டும் அல்லது தாண்டும், பிகெலோயியில் குட்டையாக நின்றுவிடும். பிகெலோயிக்குக் கொஞ்சம் வடிந்த மேடுதான் பிடிக்கும், ஆனால் உறைநிலத்தில் தரை வெடித்து உருவாகும் பலகோணப் பாத்திகளின் வரப்பும் குழியும் சில எட்டு தூரத்தில் இருப்பதால் இடத்தை நம்பி முடிவெடுக்க முடியாது. போதாக்குறைக்கு இரண்டும் கலந்து பிறந்த செடிகளும் உண்டு.

பெயர் மாறினால் என்ன என்று கேட்பவர்களுக்கு: அக்வாட்டிலிஸ் என்று எழுதினால் அங்கே நீர் தேங்கிக் கிடக்கிறது என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்தக் கோரையின் உள்ளே இருக்கும் காற்றுக்குழல்கள் வேருக்கு ஆக்சிஜனை இறக்கும், அதே வழியாகச் சேற்று மீத்தேனை மேலேயும் ஏற்றிவிடும். வரைபடத்தில் மேட்டுக்கோரையை நீர்க்கோரையாகக் காட்டினால் மீத்தேன் கணக்கும் கோணலாகும்.

ஆகஸ்ட் வாக்கில், காய் முற்றியபின், அடித்தண்டோடு பிடுங்குங்கள். சூல்முடி உதிர்ந்திருந்தாலும் பரவாயில்லை, பையைக் கிழித்துக் கொட்டையைப் பாருங்கள். இரண்டு பக்கமும் தட்டியதுபோல் இருந்தால் முடி இரண்டு, மூன்று விளிம்பு இருந்தால் மூன்று. வெறும் இலையோடு வரும் தாளில் நான் இப்போதெல்லாம் 'கோரைக் குடும்பம்' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.